உன் கோலியின் வெப்பம் உனக்குத்தான் தெரியும்

தம்பி, மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடை வாசலில் சூடாகும் கிராபிக்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் என்ன பதில் கிடைக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஹீட் ஆகுதா? நயா லேலோ பாஸ்!" அவ்வளவுதான். கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பின்னால் கூட்டம் நெருக்குகிறது, கடைக்காரருக்கு நேரமில்லை, உனக்கோ வாய் எழவில்லை. தலையாட்டிவிட்டு கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறாய். மாஹிமில் இறங்கும்வரை ஒரே யோசனை: கடன் வாங்கிப் புதுக் கார்டு எடுப்பதா, இல்லை இந்த எடிட்டிங் வேலையே நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவதா?

நில்! எதற்குத் தலையாட்டினாய்? அந்தக் கார்டு எத்தனை வாட் இழுக்கிறது என்று அவர் கேட்டாரா? உன் வீடு தகரக் கூரையா, சிலாப்பா என்று கேட்டாரா? ஜன்னல் இருக்கிறதா, எதிர்ச் சுவர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டாரா? ஒரு கேள்வியும் கேட்காமல் வந்த பதிலுக்கு உன் சேமிப்பை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும்; அதை நீயே மதிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். மே மாதத்து மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பத்துக்குப் பத்து ஒற்றையறைக் கோலியில் கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு வியர்த்து உட்கார்ந்திருப்பவன் நீ. அந்த அறையைப் பற்றிப் பேச உன்னைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது?

தகுதி இருந்தால் மட்டும் போதாது. அளந்து பார்க்க வேண்டும். அளக்காதவனின் தைரியம் முரட்டுத்தனம். அது முதல் ஸ்க்ரூவிலேயே கார்டை உடைத்துவிடும்.

ஒரு சாதாரணக் கழித்தல் கணக்கைக் கற்றுக்கொள். காற்றால் குளிரவைக்கும் எந்தக் கூலரும் கார்டை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. ஒரே அளவு மின்சாரம், ஒரே விசிறி வேகம் என்றால், கார்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே கார்டின் வெப்பத்திலிருந்து அறையின் வெப்பத்தைக் கழி. உன் அறை 36 டிகிரி, கார்டு 86 டிகிரி என்றால் உன் எண் 50. யாரோ ஒருவர் ஐரோப்பாவில் 21 டிகிரி அறையில் சோதித்து, "இந்தக் கூலர் போட்டால் கார்டு வெறும் 61 டிகிரி!" என்கிறார். பார்த்ததும் வாய் பிளக்கிறாய். கழித்துப் பார்: 40. அதே கூலர் அதே கார்டில் உன் கோலிக்கு வந்தால் 76. உனக்குக் கிடைக்கப்போவது பத்து டிகிரி, இருபத்தைந்து இல்லை. பத்து டிகிரிக்கு இந்த விலை தகுமா என்று இப்போது நீ கேட்கலாம். இந்த ஒரு கழித்தலோடு கடைக்குப் போனால் உன் குரலே மாறிவிடும்.

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. கம்ப்யூட்டரில் ஜிபியு-இஸட், எச்டபிள்யூஇன்ஃபோ என்று இரண்டு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வழக்கமாகச் செய்கிற கடினமான வேலையை அரை மணி நேரம் ஓடவிடு. அறை வெப்பம், சிப்பின் வெப்பம், ஹாட்ஸ்பாட் எனப்படும் அதன் மிகச் சூடான புள்ளியின் வெப்பம், கார்டு காட்டினால் மெமரியின் வெப்பம், விசிறியின் சுழற்சி வேகம், இழுக்கிற வாட். நோட்டில் எழுது, தேதி போட்டு எழுது. தெருவில் சூடு, குளிர் என்று பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. அந்த ஒருத்தன் நீயாக இரு!

எண்கள் உடனே பேச ஆரம்பிக்கும். சிப்புக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். அது இருபத்தைந்து, முப்பது என்று ஏறினால் கூலரைத் திட்டாதே. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே இருக்கிற பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லை கூலர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் பேஸ்ட்டின் மேல் முதல் சந்தேகம் வை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதும் கிராபிக்ஸ் கார்டு வைத்து அந்த நாணயத்தை வெட்டி எடுத்தவர்களின் பிழைப்பு ஒரே நாளில் முடிந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. உன் கையில் இருப்பது அதில் ஒன்றாக இருக்கலாம். அதனால் அது செத்த கார்டு ஆகிவிடாது. பேஸ்ட்டும் பேடும் மாற்றினாலே பழைய கார்டுகள் பல டிகிரி இறங்குவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தினசரிக் காட்சி. அந்தச் செலவு கூலரின் விலையில் ஒரு துளி. இதைச் செய்யாமல் கூலர் வாங்குகிறவன் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதையைத் தன் வீட்டில் நடத்துகிறான்.

"கார்டைத் திறப்பதா? நானா? கெட்டுப்போய்விட்டால்?"

இந்தப் பயத்தைத்தான் நான் பார்க்க வந்தேன். எங்கே உட்கார்ந்துகொண்டு பயப்படுகிறாய், யோசி. நெல்லைச் சீமையிலிருந்து கிளம்பி, பாஷை தெரியாத ஊரில் இறங்கி, உப்பங்கழி ஓரச் சதுப்பில் தோல் பதனிட்டுத் தாராவியை எழுப்பிய கூட்டத்தின் பேரன் நீ. செம்பூர்ப் பக்கம் சீத்தா கேம்ப்பில் கேட்டுப் பார், 1976 மே மாதம் அங்குள்ளவர்கள் முன்பு இருந்த ஜனதா காலனியை இடித்துத் தரைமட்டமாக்கி, இங்கே போய் இருங்கள் என்று சேற்று நிலத்தைக் காட்டினார்கள். அந்தச் சேற்றை மேடாக்கி வீடு கட்டிய கைகள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. தாராவியின் 13 காம்பவுண்டில் ஊரார் வீசிய கம்ப்யூட்டரைப் பிரித்துச் செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கிறவன் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற பட்டறை உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கூலரின் தகடும் அதே அலுமினியம்தான்! இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவைப் பார்த்து நடுங்குகிறாயே, நியாயமா?

ஒரு நிபந்தனை மட்டும். கார்டுக்கு வாரண்டி பாக்கி இருந்தால் திருப்புளியைத் தொடாதே. பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போ, உன் எண்களைக் காட்டி மாற்றித் தரச் சொல்லிக் கேள். அது உன் உரிமை. வாரண்டி முடிந்த கார்டுக்குத்தான் இனி நான் சொல்லப்போவது.

திறப்பதற்கு முன் கார்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்து. இளஞ்சூட்டில் பழைய பேஸ்ட் பிடி தளர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு உட்கார். ஒரு அட்டையில் கார்டின் படத்தை வரைந்து, கழற்றுகிற ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வை. எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. சிப்பைச் சுற்றிய நான்கையும் மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. கூலரை நெம்பாதே. லேசாக இடமும் வலமும் திருகினால் விட்டுவிடும். விட்டதும் படக்கென்று தூக்கிவிடாதே, அடியில் விசிறியின் மெல்லிய வயர் மாட்டியிருக்கும். வயரை இழுக்காமல் பிளக்கின் தலையை நகத்தால் அசைத்து எடு.

இப்போது தெரியும் பார், கருப்புக் கண்ணாடி மாதிரி ஒரு சதுரம். சிபியு மேல் இருப்பதைப் போல உலோக மூடி இதற்குக் கிடையாது. பெரும்பாலான கிராபிக்ஸ் சிப்கள் வெறும் சிலிக்கான். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஓரத்தில் அழுத்தம் விழுந்தால் மூலை உடையும். அதனால்தான் மூலைக்கு மூலை என்றேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சும் கொண்டு துடை. சுற்றிலும் இருக்கும் மெமரி சிப்களின் மேல் மெத்து மெத்தென்று பேடுகள் ஒட்டியிருக்கும். அவற்றின் தடிமனை அளக்காமல் புதுசு வாங்கவே வாங்காதே. அரை மில்லிமீட்டர், ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று கடையில் கிடைக்கும். தடிமன் கூடினால் மெமரியில் கூலர் தொட்டு, நடுவில் சிப்பைத் தொடாமல் நிற்கும். குறைந்தால் சிப் பிழைக்கும், மெமரி வேகும். கார்டை நன்றாக்கப் போய்க் கெடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்த அரை மில்லிமீட்டரில்தான் விழுந்தார்கள். கை நடுங்கி விழுந்தவர்கள் குறைவு. வெர்னியர் இல்லையா? உன் கல்லியில் லேத் பட்டறை இல்லாமலா இருக்கும், கேட்டு வாங்கி அளந்துவிட்டுக் கொடு.

பேஸ்ட்டுக்குப் பதில் ஹனிவெல்லின் பிடிஎம் 7950 என்றொரு மெல்லிய தாளும் உண்டு. சுமார் 45 டிகிரியில் இளகிப் படிந்துகொள்ளும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஒதுங்காது. நம் ஊர்ச் சூட்டுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். போலியும் புழங்குகிறது, பார்த்து வாங்கு. திரவ உலோகம் பக்கம் போகாதே. அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும், ஒரு சொட்டு சிந்தினால் ஷார்ட்.

மறுபடி மாட்டி, மறுபடி அளந்து, அப்போதும் உன் கழித்தல் எண் இறங்கவில்லை என்று வை. இன்னும் ஒரு காசு செலவில்லாத படி பாக்கி இருக்கிறது. சிப்பில் சுவிட்ச் ஆகிற மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், இறங்கும். பத்து சதவீதம் வோல்டேஜைக் குறைத்தால் அந்தச் சக்தி சுமார் பத்தொன்பது சதவீதம் குறையும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின் வரம்பை எண்பது சதவீதத்துக்கு இறக்கிப் பார். வேகம் அநேகமாகச் சில சதவீதம்தான் போகும், ஆனால் சூடும் கரண்ட் பில்லும் சேர்ந்தே இறங்கும். காசு கொடுத்துச் சூட்டை விரட்டுவதைவிடச் சூட்டையே உண்டாக்காமல் இருப்பது கெட்டிக்காரத்தனம் இல்லையா? இதை எந்தக் கடையும் உனக்குச் சொல்லாது, இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

இத்தனையும் செய்துவிட்டு, "எனக்குக் கூலர் வேண்டும்" என்று சொல்கிறாயா? இப்போது சொல்! சத்தமாகச் சொல்! இனி நீ வாடிக்கையாளன் இல்லை, தேர்வாளன்.

கம்பெனி கொடுத்த கூலரே கடைசி வார்த்தை என்று நினைக்காதே. பெரிய கம்பெனிகள் சறுக்கிய வரலாறு நீளம். 2003-இல் என்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட சத்தத்தில் ஊரே சிரித்தது. கடைசியில் அந்தக் கம்பெனியே தன்னைக் கிண்டலடித்து ஒரு குறும்படம் எடுத்தது. 2013 அக்டோபரில் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் வந்தது. 95 டிகிரியில் ஓடுவதுதான் அதன் வடிவமைப்பு என்றார்கள். வாங்கியவர்கள் அதோடு ஒத்துப்போனார்களா? கூலரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஆர்க்டிக்கின் ஆக்ஸெலெரோ வரிசை, கொரியாவின் ஸால்மன், 2014-இல் வந்த ரைஜின்டெக்கின் மார்ஃபியஸ் என்று ஒரு படையே அந்தக் காலத்தில் இருந்தது. மார்ஃபியஸில் ஆறு மில்லிமீட்டர் வெப்பக்குழாய்கள் பன்னிரண்டு. விசிறிகூடக் கிடையாது, உனக்குப் பிடித்த இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகளை நீயே மாட்டிக்கொள்ள வேண்டும். இன்று இந்த ரகம் கடையில் அபூர்வம். கார்டு கம்பெனிகளே மூன்று ஸ்லாட் தடிமனுக்குக் கூலர் போட ஆரம்பித்ததும், கார்டுக்குக் கார்டு பலகையின் அமைப்பு மாறியதும்தான் காரணம். ஆனால் உன்னைப் போலப் பழைய கார்டு வைத்திருப்பவனுக்குப் பழைய கூலர்தான் சரியான ஜோடி. செகண்ட் ஹேண்டில் தேடு, வெட்கப்படாதே.

தேடும்போது அழகைப் பார்க்காதே, ஓட்டையைப் பார். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் தூரம்தான் ஜாதகம். ஆர்எக்ஸ் 480, 580 வகையில் அது சுமார் 53 மில்லிமீட்டர். ஜிடிஎக்ஸ் 1060, 1070 வகையில் சுமார் 58. ஐந்து மில்லிமீட்டர் தவறினால் உலகத்தின் சிறந்த கூலரும் வெறும் காகித எடைதான். அடுத்து உயரம்: விசிறியோடு சேர்த்து மூன்று ஸ்லாட்டுக்கு மேல் எழும்பினால் உன் கேபினட்டில் அடியில் வேறு என்ன இருக்கிறது என்று பார். அடுத்து எடை: அரைக் கிலோ தகடு, மேலே விசிறிகள், கார்டு தொங்காமல் கீழிருந்து ஒரு முட்டுக் கொடு. விசிறியின் பிளக்கும் வேறு. கார்டில் இருப்பது சின்ன நான்கு முள், கம்ப்யூட்டர் விசிறியில் இருப்பது பெரியது, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும்.

மெமரியையும், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் விஆர்எம் பகுதியையும் மறந்தாயோ, அங்கேதான் அடி விழும். தனியாக விற்கும் கூலர் பல நேரம் சிப்பை மட்டும் தொடும். மற்றவற்றுக்குக் குட்டிக் குட்டித் தகடுகளை நீ ஒட்ட வேண்டும். பசை வைத்து ஒட்டினால் அநேகமாக நிரந்தரம், பிறகு எடுக்கப் போனால் சிப்பும் கூடவே வரும். ஆர்டிஎக்ஸ் 3090 மாதிரிக் கார்டில் மெமரி பின்பக்கமும் இருக்கிறது. முன்னால் எத்தனை பெரிய கூலர் போட்டாலும் முதுகு வெந்துகொண்டே இருக்கும். சிப் 65 டிகிரி என்று கொண்டாடிக்கொண்டிருப்பாய், மெமரி 110-ஐத் தொட்டுத் தானாக வேகத்தை இறக்கிக்கொண்டிருக்கும். எல்லா எண்களையும் எழுது என்று ஆரம்பத்திலேயே சொன்னது இதற்குத்தான்.

செம்பா அலுமினியமா என்ற சண்டைக்கு எண்ணே பதில் சொல்லும். செம்பின் வெப்பக் கடத்து திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு சுமார் 400 வாட். அலுமினியம் சுமார் 237. சிப்பைத் தொடும் இடம் செம்பாக இருக்கட்டும், காற்றைத் தொடும் தகடு அலுமினியமாக இருந்தால் எடை குறையும். இரண்டையும் இணைப்பது வெப்பக்குழாய். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய சங்கதி. மூடிய செம்புக் குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர். சூடான முனையில் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், தகடுள்ள முனையில் மறுபடி தண்ணீராகிச் சூட்டைக் கொட்டும், உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பிவரும். தாராவியின் கும்பார்வாடாவில் சூளையிலிருந்து வருகிற மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதும் இதே ஆவியாதலால்தான். ஜூன் மாத மும்பை ஈரத்தில் பானை தோற்றுப்போகும், வெளியேறிய ஆவிக்குக் காற்றில் இடமில்லை. குழாய் தோற்காது, அதன் ஆவி வெளியே வருவதே இல்லை. ஆகவே "இந்த ஊர் ஹியூமிடிட்டிக்கு எந்தக் கூலரும் வேலை செய்யாது பாய்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நட. உப்புக் காற்று தகட்டையும் பிளக்கையும் மெல்ல அரிக்கும் என்பது உண்மை. ஈரக் காற்றில் வெப்பம் போகாது என்பது கதை.

இன்னொரு விஷயம், எந்த விமர்சகரும் உன் வீட்டை நினைத்து எழுதாதது. உன் கம்ப்யூட்டர் ராத்திரியில்தான் உழைக்கிறது. அதே அறையில் அப்பா, அம்மா, தங்கச்சி எல்லோரும் படுத்திருக்கிறார்கள். காலை ஐந்தரை லோக்கலைப் பிடிக்க வேண்டிய அப்பாவின் காதருகில் விசிறி கத்தினால் உன் தொழிலுக்கு வீட்டிலேயே எதிர்ப்பு. எனவே உனக்கு டிகிரியைவிட டெசிபல் பெரிது என்று நான் அடித்துச் சொல்வேன். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். சின்ன விசிறியை வெறி பிடித்து ஓட்டுவதைவிடப் பெரிய விசிறி இரண்டை நிதானமாக ஓட்டுவது எப்போதும் மேல். ஓட்டை பொருந்துகிற கூலர் கிடைக்கவில்லை என்றால் பழைய தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் சின்ன விசிறிகளையும் கழற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டைக் கேபிள் டையால் கட்டு. பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டுமே! கேபினட்டின் கதவை மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கணிப்பில் மும்பைக் கோலிக்கு இதைவிடக் காசுக்கு ஏற்ற வழி இல்லை.

தண்ணீர்க் கூலர் பற்றிக் கேட்பாய். என்இசட்எக்ஸ்டியின் கிராக்கன் ஜி12 மாதிரி ஒரு பிராக்கெட் இருந்தால் சிபியுவுக்கான தண்ணீர்க் கூலரைக் கார்டில் மாட்டலாம், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் பம்ப் ஒருநாள் நிற்கும், ரேடியேட்டருக்கு இடம் வேண்டும், விலையோ பழைய கார்டை எட்டிப் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பையன் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிய மாட்டியிருக்கிறான் என்பதற்காக நீயும் மாட்டாதே.

காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலரும் சூட்டை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 இழுக்கும் 170 வாட்டும் கடைசியில் உன் அறைக் காற்றில்தான் கொட்டப்படுகிறது. 3080 என்றால் 320 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடும். அந்த 3080 முழு வேகத்தில் ஓடும்போது உன் கோலியில் மூன்று பேர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். கார்டுக்கு விலையுயர்ந்த கூலர் போட்டுவிட்டு அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் விசிறி போடாதவனின் அறை ஒரு மணி நேரத்தில் 36-லிருந்து 39-க்குப் போகலாம், கார்டும் அந்த மூன்றைக் கூட்டிக்கொள்ளும். கேபினட்டின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பு. செம்பூரில் இருக்கிறாயா? ரிஃபைனரியும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த காற்று அது. முன்பக்கம் வடிகட்டி போடு, மாதம் ஒருமுறை கழுவு. தகடுகள் நெருக்கமாக இருக்கும் கூலர் ஆய்வகத்தில் ஜெயிக்கும். உன் தெருவில் மூன்று மாதத்தில் தூசி அடைத்துத் தோற்கும். இடைவெளி விட்ட தகடாகப் பார்த்து எடு.

தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. வாசலைக் கடக்கும்போதெல்லாம் "இதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்று நினைத்தாயே, அந்தக் காம்பவுண்டுக்குள் பெரிய பெரிய சமன்பாடுகளில் கற்றுக்கொடுப்பதன் ஆரம்பப் பாடம்தான் நீ இப்போது செய்த கழித்தல். சீட்டு கிடைத்தால் உள்ளே போய்ப் படி. கிடைக்காவிட்டாலும் தெர்மாமீட்டர் யாருடைய மார்க் ஷீட்டையும் கேட்பதில்லை.

ஒரு கார்டைத் திறந்து மூடியவளின் வீட்டுக்கு அடுத்த வாரமே இன்னொரு கார்டு வரும். கேமிங் சென்டர் நடத்துகிற அண்ணன் ஒருத்தர் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார், "சும்மா பாரும்மா" என்பார். சும்மா பார்க்காதே! "எவ்வளவு?" என்று கேட்டால் "பார்த்துக் குடுங்கண்ணா" என்று வழியாதே. பேஸ்ட் விலை தனி, பேட் விலை தனி, கைக்கூலி தனி என்று தாளில் எழுதிக் காட்டு. ஒரிஜினல் கூலரைக் கழற்றினால் ஸ்க்ரூ ஒன்றுகூடக் குறையாமல் கவரில் போட்டு அவர் கையிலேயே கொடு. கார்டை விற்கும் நாளில் அவருக்கு அது வேண்டியிருக்கும். ரசீதின் அடியில் அறை வெப்பம், முன்பு எத்தனை, பின்பு எத்தனை, தேதி, இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடு. இரண்டு மழைக்காலம் கழித்து அவர் அதே ரசீதோடு வந்து நிற்பார், அப்போது மறுபடி அளந்துவிட்டுப் பேசு.